நாடே இல்லாதவர்களுக்கு ஒரு பாஸ்போர்ட்: யார் இந்த நான்சென்?

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் என்ன செய்வோம்? போலீஸில் புகார் கொடுப்போம், புதுசுக்கு விண்ணப்பிப்போம். வெளிநாட்டில் இருந்தால் நம்ம தூதரகத்துக்குப் போவோம். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனாலும் வேலை முடிந்துவிடும்.

அந்தத் தூதரகமே, நீங்கள் எங்கள் நாட்டு ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டால்? வேறு எந்த நாடும் உங்களைத் தன் ஆள் என்று ஏற்கவில்லை என்றால்?

நூறு வருடங்களுக்கு முன்னால் லட்சக்கணக்கான ரஷ்யர்களுக்கு இதுதான் நடந்தது. புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பி வெளியே வந்தவர்களின் குடியுரிமையை 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை போட்டு ரத்து செய்தது. ஒரே ஆணையில் அவ்வளவு பேரும் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்தவர் வக்கீல் இல்லை, மதத் தலைவரும் இல்லை. வட துருவத்தை நோக்கிப் பனியில் நடந்துபோன ஒரு விஞ்ஞானி. நார்வேக்காரர். பெயர் ஃபிரிட்யோஃப் நான்சென்.

பனியில் நடந்தவர் அகதிகள் பக்கம் எப்படி வந்தார்? அவர் போட்ட திட்டங்களில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

திரும்பிப் போக வழி வைக்காத பயணம்

1861 அக்டோபர் 10-ம் தேதி, இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார் நான்சென். அப்பா வக்கீல். சின்ன வயதிலேயே பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். கல்லூரியில் எடுத்தது விலங்கியல்.

20 வயதில், சீல் வேட்டைக்குப் போகும் ஒரு கப்பலில் ஏறி கிரீன்லாந்து பக்கக் கடலுக்குப் போனார். அங்கே பார்த்த பனிப்பரப்பு அவர் மனதை விட்டுப் போகவில்லை. திரும்பி வந்து பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடல்வாழ் சின்ன உயிரினங்களின் நரம்புகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் வேலை. 1888-ல் அந்த ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டமும் வாங்கினார்.

பட்டம் வாங்கிய கையோடு கிரீன்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். கிரீன்லாந்தின் உள்நிலத்தை அதுவரை யாரும் முழுசாகக் கடந்தது கிடையாது. முயற்சி பண்ணியவர்கள் பலரும் மக்கள் வசிக்கும் மேற்குக் கரையிலிருந்துதான் கிளம்பினார்கள். முடியாமல் போனால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற தைரியம்.

நான்சென் அதைத் தலைகீழாக மாற்றினார். ஆள் நடமாட்டம் மிகக் குறைவான கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடப்பது என்று முடிவு செய்தார். பின்னால் ஊர் இல்லை, முன்னால்தான் ஊர். அதனால் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

படிக்கும்போது இது முரட்டுத்தனம் மாதிரி தெரியும். உண்மையில் ரொம்ப யோசித்துப் போட்ட திட்டம். எடை குறைந்த ஸ்லெட்ஜ் வண்டி, எரிபொருள் மிச்சமாகும் அடுப்பு, அளந்து எடுத்த உணவு. எல்லாம் அவரே பார்த்துப் பார்த்துச் செய்தவை. கூட வந்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர், பனியோடே வாழ்ந்து பழகிய சாமி இன மக்கள்.

நகரும் பனிக்கட்டிகளில் சிக்கித் தடம் மாறினாலும், ஆறு பேரும் செப்டம்பர் கடைசியில் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்த வருடத்தின் கடைசிக் கப்பலைப் பிடிக்க முடியவில்லை. குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் இன்யூட் மக்களோடு பழகி, அவர்களிடம் கயாக் படகு ஓட்டவும் பனியில் வாழவும் கற்றுக்கொண்டார் நான்சென். 1889-ல் ஊர் திரும்பியபோது அவர் ஒரு ஹீரோ.

பனியை எதிர்க்காத கப்பல்

அடுத்த திட்டம் இன்னும் விசித்திரமானது.

1881-ல் ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அதன் சிதறிய பொருட்கள் கிரீன்லாந்து கரையில் கிடைத்தன. அவ்வளவு தூரம் அவை எப்படிப் போயின? பனியே நகர்த்திக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார் நான்சென். அப்படியானால் ஒரு கப்பலையும் அதேபோல் பனி இழுத்துக்கொண்டு போகும், இல்லையா?

பெரிய பெரிய துருவப் பயண நிபுணர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தார்கள். ஆனால் நார்வே நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. கோலின் ஆர்ச்சர் என்ற கப்பல் வடிவமைப்பாளர் ஃப்ராம் என்ற கப்பலைக் கட்டினார். அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனி இரண்டு பக்கமும் இறுக்கினால் கப்பல் நசுங்காது, வழுக்கி மேலே எழும்பிவிடும்.

1893-ல் 13 பேரோடு ஃப்ராம் கிளம்பியது. ஐந்து வருடத்துக்கு உணவு, காற்றாலையில் எரியும் மின்விளக்கு எல்லாம் உள்ளே. கப்பல் பனியில் உறைந்தது, மெல்ல நகர்ந்தது. ஆனால் அந்த வேகத்தில் போனால் துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், 1895 மார்ச்சில் ஹால்மர் யோஹான்சென் என்ற தோழரோடு கப்பலை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார் நான்சென்.

துருவத்தை அவர்களால் எட்ட முடியவில்லை. ஆனால் 86 டிகிரி 14 நிமிடம் வரை போனார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. திரும்பும் வழியில் குளிர்காலம் பிடித்துக்கொண்டது. ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கல்லை அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு, கரடிக் கறி தின்று அந்தக் காலத்தை ஓட்டினார்கள். 1896 ஜூனில் தற்செயலாக ஓர் ஆங்கிலேயப் பயணக் குழுவைச் சந்தித்ததால் ஊர் வந்து சேர முடிந்தது. அதே ஆகஸ்டில் ஃப்ராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டது. போன 13 பேரில் ஒருவர்கூட சாகவில்லை.

இந்த இரண்டு பயணங்களையும் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கு. பனியை முட்டி உடைக்க முடியாது, அது போகிற திசையைக் கணக்குப் போட்டு அதோடு போக வேண்டும் என்பதுதான் அவர் கற்ற பாடம். அரசுகளோடு பேசும்போதும் பிற்பாடு அவர் இதைத்தான் செய்தார்.

விஞ்ஞானி ராஜதந்திரி ஆனது எப்படி?

அந்தக் காலத்தில் நார்வே தனி நாடு இல்லை. ஸ்வீடன் அரசரின் கீழ் இருந்தது. 1905-ல் நார்வே பிரிந்தபோது, போர் மூளாமல் காரியம் முடிய வேண்டும் என்று எழுதியும் பேசியும் வேலை செய்தார் நான்சென். டென்மார்க் இளவரசரைச் சம்மதிக்க வைத்து நார்வேயின் அரசராகக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிறகு லண்டனில் நார்வேயின் முதல் தூதராக இரண்டு வருடம் இருந்தார்.

லண்டன் வேலை முடியும் சமயத்தில், 1907 டிசம்பரில், மனைவி ஈவா இறந்துபோனார். ஐந்து பிள்ளைகள். நான்சென் ஊர் திரும்பி, கடலியல் பேராசிரியராக ஆராய்ச்சிக்குள் புகுந்துகொண்டார். ஆழ்கடல் நீரை மாதிரி எடுக்க அவர் வடிவமைத்த குடுவை நான்சென் பாட்டில் என்ற பெயரில் பல காலம் பயன்பாட்டில் இருந்தது.

முதல் உலகப் போர் வந்ததும் அந்த அமைதி கலைந்தது. நார்வே போரில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் இறக்குமதி தானியம் வராவிட்டால் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். 1917-ல் வாஷிங்டன் போய், மாதக்கணக்கில் பேசி, நார்வேக்கு உணவுப் பொருட்கள் வர ஒப்பந்தம் போட்டார். ஒரு நாட்டுக்கே சோறு போகும் வழியை வெறும் பேச்சுவார்த்தையால் திறக்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டார்.

முதல் வேலை: 4 லட்சம் கைதிகளை வீட்டுக்கு அனுப்பணும்

1918-ல் போர் முடிந்தது. ஆனால் போர்க் கைதிகள் எல்லோருக்கும் முடியவில்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி வீரர்கள் லட்சக்கணக்கில் ரஷ்யாவில் மாட்டியிருந்தார்கள். பலர் சைபீரியாவில். சிலர் பிடிபட்டு ஐந்து, ஆறு வருடம் ஆகியிருந்தது. அதேபோல ரஷ்ய வீரர்கள் ஜெர்மனி பக்க முகாம்களில். ரஷ்யாவிலோ உள்நாட்டுப் போர், பட்டினி, டைஃபஸ் காய்ச்சல்.

1920 ஏப்ரலில், அப்போதுதான் பிறந்திருந்த பன்னாட்டுச் சங்கம் இந்த வேலையை நான்செனிடம் ஒப்படைத்தது. இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி அமைப்பு அது.

ஆரம்பத்திலேயே ஒரு முட்டுக்கட்டை. பன்னாட்டுச் சங்கத்தை சோவியத் அரசு அங்கீகரிக்கவில்லை. அதனோடு பேசவே மாட்டோம் என்றது. நான்சென் இதை மானப் பிரச்சினையாக்கவில்லை. சங்கத்தோடு பேச மாட்டீர்களா, சரி, என்னோடு பேசுங்கள் என்ற ஏற்பாட்டுக்கு வந்தார். மாஸ்கோவும் ஒப்புக்கொண்டது.

அடுத்த சிக்கல் போக்குவரத்து. அவருடைய திட்டம் இப்படி இருந்தது:

சோவியத் அரசு கைதிகளை ரயிலில் ஏற்றி எல்லை வரை கொண்டுவந்து விடும். எஸ்டோனியாவின் நார்வா துறைமுகத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைப் பொறுப்பேற்கும். பேன் நீக்கம், குளியல், உடை, மருத்துவச் சோதனை எல்லாம் அங்கே. பிறகு பால்டிக் கடல் வழியாகக் கப்பலில் ஸ்டெட்டின் துறைமுகம். அங்கிருந்து அவரவர் ஊருக்கு ரயில்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கப்பல்கள் எந்தப் பக்கமும் காலியாக ஓடவில்லை. மேற்கே ஜெர்மன், ஹங்கேரி வீரர்களை இறக்கிவிட்டு, அதே கப்பலில் ரஷ்ய வீரர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே திரும்பும். செலவு பாதியாகக் குறையும். கூடவே, தன் ஆட்களும் வீடு திரும்புவதால் இந்த வேலை நடப்பதில் இரண்டு தரப்புக்கும் ஆதாயம் இருந்தது. கருங்கடல் வழியாகவும், தூரக் கிழக்கில் விளாடிவோஸ்டோக் வழியாகவும் வேறு பாதைகள் திறக்கப்பட்டன.

1922-ல் கணக்கு முடித்தபோது, வீடு திரும்பியவர்கள் சுமார் 4 லட்சத்து 27 ஆயிரம் பேர்.

பஞ்சம்: பணம் கேட்டார், கிடைக்கவில்லை

கைதிகள் வேலை முடிவதற்குள்ளேயே அடுத்த நெருக்கடி. 1921-ல் வோல்கா ஆற்றுப் பகுதியில் மழை பொய்த்தது. போரும், விவசாயிகளிடமிருந்து தானியத்தைப் பறித்த அரசின் கொள்கையும் ஏற்கெனவே களஞ்சியங்களைக் காலி பண்ணியிருந்தன. கோடிக்கணக்கான மக்கள் பட்டினிக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடிய நிவாரண அமைப்புகள் நான்செனைப் பொறுப்பாளராக ஆக்கின. அவர் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டு, பன்னாட்டுச் சங்கத்தின் அரசுகளிடம் 50 லட்சம் பவுண்டு கடன் கேட்டார். வேறு நாடுகளில் தானியம் தேவைக்கு மேலே குவிந்து கிடக்கிறது, கப்பல்கள் வேலை இல்லாமல் நிற்கின்றன, இரண்டையும் சேர்த்தால் போதும் என்று வாதாடினார்.

அரசுகள் மறுத்துவிட்டன. உணவு அனுப்பினால் அது போல்ஷ்விக் ஆட்சியைத் தாங்கிப்பிடிக்கும் என்பது அவர்கள் கவலை. விநியோகத்தில் சோவியத் அதிகாரிகளுக்கு அதிக இடம் கொடுத்துவிட்டார் என்று அவர் ஒப்பந்தத்தின் மேலும் விமர்சனம். கம்யூனிஸ்ட்களின் கைப்பாவை என்று சொந்த நாட்டிலேயே பழி வந்தது.

விமர்சனத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கு. அமெரிக்க நிவாரண அமைப்பின் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர், விநியோகம் முழுக்க தன் ஆட்கள் கையில் இருக்க வேண்டும் என்று கறாராகப் பேசி வாங்கினார். அமெரிக்க அரசின் பணமும் அவருக்கு இருந்தது. உச்சத்தில் அந்த அமைப்பு ஒரு நாளைக்கு 1 கோடி பேருக்கு மேல் உணவளித்தது. நான்செனின் அமைப்பால் அந்த அளவை எட்ட முடியவில்லை.

அரசுகள் கைவிட்டதும் நான்சென் பொதுமக்களிடம் போனார். பஞ்சப் பகுதிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார். அங்கே எடுக்கப்பட்ட படங்களை ஊர் ஊராகத் திரையில் காட்டிப் பேசி நன்கொடை திரட்டினார். பட்டினியின் முகத்தைத் தூரத்து மக்களின் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் பிரசாரத்துக்கு அது ஓர் ஆரம்பகால உதாரணம்.

ஆனாலும் அந்தப் பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள். தானியம் இருந்தும் வந்து சேராத துயரம் கடைசி வரை அவர் மனதை உறுத்தியது.

அந்த ஒரு தாள்: நான்சென் பாஸ்போர்ட் எப்படி வேலை செய்தது?

அதே 1921-ல் மூன்றாவது பொறுப்பும் வந்தது. ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையர். செஞ்சிலுவைச் சங்கம் கேட்டுக்கொண்டதால் பன்னாட்டுச் சங்கம் உருவாக்கிய பதவி அது.

கான்ஸ்டான்டிநோபிள், பெர்லின், பாரிஸ், பால்கன் நாடுகள், சீனாவின் ஹார்பின் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் சிதறிக் கிடந்தார்கள். சங்கம் அலுவலகச் செலவுக்கு மட்டும்தான் பணம் தரும். நிவாரணத்துக்குத் தராது.

கையில் பணம் இல்லாமல் 10 லட்சம் பேருக்கு என்ன செய்ய முடியும்?

இங்கேதான் நான்செனும் அவர் சகாக்களும் பிரச்சினையை வேறு கோணத்தில் பார்த்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளில் ஓர் அகதி பட்டினி கிடக்கிறார். அவர் நல்ல மெக்கானிக். பிரான்ஸில் தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்படுகிறது. ஆனால் அவரால் எல்லையைத் தாண்ட முடியாது, ஏனென்றால் செல்லுபடியாகும் காகிதம் இல்லை. அவருக்குச் சோறு போட மாதா மாதம் பணம் வேண்டும். காகிதம் கொடுத்தால் அவரே உழைத்துச் சாப்பிடுவார்.

1922 ஜூலையில் ஜெனிவாவில் அரசுகளின் கூட்டம் நடந்தது. ரஷ்ய அகதிகளுக்கு ஒரே மாதிரியான அடையாளச் சான்றிதழ் தரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுதான் நான்சென் பாஸ்போர்ட்.

அது எப்படி இருந்தது, என்ன செய்தது?

• ஒரே ஒரு தாள். பெயர், பிறந்த தேதி, தொழில், அடையாளக் குறிப்பு, புகைப்படம்.

• கொடுப்பது பன்னாட்டுச் சங்கம் இல்லை. அகதி தங்கியிருக்கும் நாட்டின் அரசு.

• இதை வைத்து வேறு நாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

• குடியுரிமை தராது. வாக்குரிமை தராது. வேலை செய்யும் உரிமையும் தானாக வந்துவிடாது.

• ஆரம்பத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சான்றிதழ் கொடுத்த நாட்டுக்கே திரும்பி வர உத்தரவாதம் கிடையாது. திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாதவருக்கு எந்த நாடு விசா கொடுக்கும்? 1926-ல் இதைச் சரிசெய்யத் திருத்தம் வந்தது.

நான்சென் அரசுகளிடம் நிறைய கேட்கவில்லை என்பது தெரியும். குடியுரிமை கொடு என்று கேட்டிருந்தால் எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். பனி எந்தப் பக்கம் நகருமோ அந்தப் பக்கம் கப்பலை வைத்தார். ஒரு தாள் கொடுப்பதில் அரசுகளுக்கும் லாபம். தங்கள் நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு கிடைக்கும், போக விரும்புபவர்கள் போய்விடுவார்கள்.

பிற்பாடு பணத்துக்கும் இந்தத் தாளே வழி செய்தது. வசதி உள்ள அகதிகள் 5 தங்க ஃபிராங்க் கொடுத்து நான்சென் படம் போட்ட ஸ்டாம்ப் ஒன்றை வாங்கிச் சான்றிதழில் ஒட்ட வேண்டும். இல்லாதவர்களுக்கு இலவசம். அந்தப் பணம் மற்ற அகதிகளின் உதவிக்குப் போனது.

1924-ல் ஆர்மீனியர்களுக்கும், 1928-ல் அசிரியர்கள் உள்ளிட்டோருக்கும் இந்த ஏற்பாடு விரிந்தது. காலப்போக்கில் 50-க்கும் மேற்பட்ட அரசுகள் இதை ஏற்றன. சுமார் 4.5 லட்சம் பேர் இதைப் பெற்றதாக மதிப்பிடப்படுகிறது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் சகால், எழுத்தாளர் நபகோவ் ஆகியோரும் அதில் அடக்கம். பெரும்பாலானவர்கள் பெயர் தெரியாத தொழிலாளிகள், டாக்ஸி ஓட்டுநர்கள், தையல்காரர்கள்.

நோபல் வந்த நேரத்தில் ஒரு கசப்பான முடிவு

1922-ல் நான்செனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. பரிசுப் பணத்தை நிவாரண வேலைகளுக்கே கொடுத்துவிட்டார்.

ஆனால் அதே நேரத்தில்தான் அவர் வாழ்க்கையின் மிகச் சர்ச்சையான திட்டமும் உருவாகிக்கொண்டிருந்தது.

கிரீஸ், துருக்கி போரில் கிரீஸ் தோற்றது. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம், அதாவது இன்றைய இஸ்மிர், தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கான கிறிஸ்தவர்கள் கிரீஸுக்குத் தப்பி ஓடினார்கள். கிரீஸின் மக்கள்தொகையே அப்போது சுமார் 50 லட்சம். அங்கே வந்து சேர்ந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடம், தியேட்டர், கோயில் என்று எங்கே பார்த்தாலும் அகதிகள்.

ஓடி வந்தவர்கள் இனி திரும்ப முடியாது என்று நான்சென் கணித்தார். கிரீஸில் இருக்கும் முஸ்லிம்களைத் துருக்கிக்கு அனுப்பினால், அவர்கள் விட்டுச்செல்லும் வீட்டிலும் நிலத்திலும் இவர்களைக் குடியமர்த்தலாம். இப்படி ஒரு மக்கள் பரிமாற்றத்தை அவர் முன்மொழிந்தார். இரண்டு அரசுகளுக்கும் அது வசதியாக இருந்தது. 1923 ஜனவரி 30-ம் தேதி லோசானில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தில் பரிமாற்றம் கட்டாயம். விருப்பம் கேட்கப்படவில்லை. யார் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்தது மொழி இல்லை, மதம். துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரீஸுக்குப் போனார்கள். கிரேக்கம் பேசும் கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் கிரேக்கர்களுக்கும் மேற்கு திரேஸின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு.

கிரீஸ் பக்கம் சுமார் 12 லட்சம் பேர், துருக்கி பக்கம் சுமார் 3.5 லட்சம் பேருக்கு மேல் இதில் அடங்குவார்கள். கிரீஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்துக்கு முன்பே ஓடி வந்தவர்கள். ஆனால் கிரீஸில் இருந்த முஸ்லிம்களில் பலர், அதுவரை சொந்த வீட்டில் இருந்தவர்கள். அகதிகளின் பிரச்சினையைத் தீர்க்கப்போய் புதிதாக அகதிகள் உண்டாக்கப்பட்டார்கள்.

பலரைக் குடியமர்த்தவும் இது உதவியது. பன்னாட்டுச் சங்கத்தின் மேற்பார்வையில் 1924-ல் திரட்டப்பட்ட கடனைக் கொண்டு கிரீஸில் வீடுகள் கட்டி, நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த அளவில் திட்டம் வேலை செய்தது. ஆனால் மக்களை மத வாரியாகப் பிரித்து அனுப்புவது ஒரு தீர்வு என்ற எண்ணத்துக்கு சர்வதேச முத்திரை குத்தியதும் இதே ஒப்பந்தம்தான். அரசுகள் ஒப்புக்கொள்ளும் வழியில் போவது என்ற நான்செனின் பாணி, பாஸ்போர்ட்டில் அகதிக்கு உதவியது. இங்கே அதன் விலையைக் கொடுத்தது, கேள்வி கேட்கப்படாத மக்கள்.

ஆர்மீனியா: நிறைவேறாத ஆசை

கடைசி சில வருடங்களில் அவர் மனம் முழுக்க ஆர்மீனியர்கள்தான். உதுமானியப் பேரரசில் நடந்த படுகொலைகளில் தப்பி, நாடில்லாமல் சிரியா, லெபனான், கிரீஸ் எங்கும் சிதறியிருந்தவர்கள்.

1925-ல் சோவியத் ஆர்மீனியாவுக்கு ஒரு நிபுணர் குழுவோடு போனார். வறண்ட நிலத்துக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் எத்தனை பேரைக் குடியமர்த்தலாம், எவ்வளவு செலவாகும் என்று அளந்து அறிக்கை கொடுத்தார். கணக்கு பக்காவாக இருந்தது. பணம்தான் வரவில்லை. வல்லரசுகள் வருடக்கணக்கில் இழுத்தடித்தன. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பகுதியினரை சிரியா, லெபனான் பக்கம் குடியமர்த்தத்தான் முடிந்தது.

மறைவும் அதற்குப் பிறகும்

1930 மே 13-ம் தேதி, ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் லீசாக்கரில் உள்ள தன் வீட்டில் நான்சென் இறந்தார். வயது 68. நார்வேயின் தேசிய நாளான மே 17-ல் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அவர் பெயரில் தொடங்கப்பட்ட நான்சென் சர்வதேச அகதிகள் அலுவலகம் 1938-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. ஆனால் அதே ஆண்டுகளில் அவர் விட்டுச்சென்ற ஏற்பாட்டின் பலவீனமும் வெளியே தெரிந்தது. நான்சென் பாஸ்போர்ட் குறிப்பிட்ட இனக்குழுக்களுக்கானது. ரஷ்யர், ஆர்மீனியர், அசிரியர் என்று ஒவ்வொரு பட்டியலாகச் சேர்க்க வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து யூதர்கள் ஓடி வந்தபோது, அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கென்று போடப்பட்ட தனி ஏற்பாடு ரொம்ப பலவீனமாக இருந்தது. கதவுகள் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் நார்வேயில் ஒருவர் முன்வந்தார். ஒட் நான்சென். ஃபிரிட்யோஃபின் மகன், கட்டடக் கலைஞர். 1936-ல் நான்சென் உதவி அமைப்பு ஒன்றைத் தொடங்கி, நாடற்ற யூதர்களை நார்வேக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். நாஜிக்கள் நார்வேயைப் பிடித்த பிறகு கைது செய்யப்பட்டு, ஜெர்மனியின் சாக்சன்ஹவுசென் வதை முகாமில் அடைக்கப்பட்டார். உயிரோடு திரும்பினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இனக்குழு பார்க்காமல் அகதி யார் என்று பொதுவாக வரையறுக்கும் ஐ.நா. உடன்படிக்கை 1951-ல் வந்தது. நாடற்றவர்களுக்கான தனி உடன்படிக்கை 1954-ல் வந்தது. அதே 1954 முதல், அகதிகளுக்காக உழைப்பவர்களுக்கு ஐ.நா. அகதிகள் முகமை நான்சென் பெயரில் விருது கொடுத்து வருகிறது. இன்று பல நாடுகள் அகதிகளுக்குத் தரும் பயண ஆவணம், 1922-ல் வந்த அந்த ஒற்றைத் தாளின் வாரிசுதான்.

நான்சென் விட்டுச்சென்ற பாடம் என்ன?

ஓர் அகதியைப் பார்த்ததும் நமக்கு முதலில் தோன்றுவது சோறு, துணி, கூடாரம். அவை உடனே வேண்டும், சந்தேகமே இல்லை. அதற்கு அடுத்த கேள்வியை நான்சென் கேட்டார். இவர் நாளைக்குத் தானே பிழைத்துக்கொள்ள எது தடையாக இருக்கு? சில சமயம் அந்தத் தடை ஒரு கப்பல். சில சமயம் ஒரு கால்வாய். பல சமயம் ஒரு கையெழுத்து.

இன்றும் உலகத்தில் பல லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறார்கள். மியான்மரின் ரோஹிங்கியாக்கள் அதில் ஒரு பெரிய கூட்டம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் அவர்களுக்கு அரிசி போகிறது. அந்த அரிசிக்கு வருடா வருடம் நிதி திரட்ட வேண்டியிருக்கிறது. ஊர் திரும்பவோ, வேறு இடத்துக்குப் போய் உழைத்து வாழவோ தேவையான அந்த ஒரு தாள்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.